பூவுக்காக வாங்குகிறோம், இலைக்காக வைத்துக்கொள்ளலாம்

நர்சரியில் புரோமீலியாட் செடியைக் கவனிக்காமல் தாண்டிப் போவது கஷ்டம். பளபளக்கும் பச்சை இலைகளின் நடுவிலிருந்து சிவப்பிலோ ஆரஞ்சிலோ மஞ்சளிலோ ஒரு கொத்து நிமிர்ந்து நிற்கும். பிளாஸ்டிக்கோ என்று சந்தேகப்பட்டு விரலால் தொட்டுப் பார்க்காதவர்கள் குறைவு. பெரும்பாலும் அது புரோமீலியாட் குடும்பத்தின் குஸ்மேனியா வகையாக இருக்கும். வாங்கி வந்து வைத்தால் இரண்டு மூன்று மாதம், சில நேரம் அதற்கும் மேல், வாங்கிய அன்று இருந்தது போலவே நிற்கும். அப்புறம் சிவப்பு வெளுக்கும், நுனி பழுப்பாகும், மொத்தக் கொத்தும் காயும். அடுத்து இலைகள் ஒவ்வொன்றாகத் தொய்யும். தண்ணீர் கூடிவிட்டதோ, வெளிச்சம் போதவில்லையோ என்று வாங்கியவர் தன்னைத்தானே நொந்துகொண்டு, செடியைத் தூக்கிப் போட்டுவிடுவார்.

அவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அந்தச் செடி கடைக்கு வரும்போதே தன் வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் இருந்தது, அவ்வளவுதான். பெரும்பாலான புரோமீலியாட்களில் ஒரு இலைக்கொத்து ஒரே ஒரு முறைதான் பூக்கும். பூத்தபின் அந்தக் கொத்து புதிய இலை விடாது. மெல்ல மெல்ல வற்றி, அடியில் ஒன்றிரண்டு பக்கக் கன்றுகளை விட்டுவிட்டுப் போய்விடும். வாழையைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குலை தள்ளிய மரத்தைப் பார்த்து யாரும் அழுவதில்லை, பக்கத்தில் கன்று நிற்கிறதா என்றுதான் பார்ப்போம். இங்கேயும் பார்க்க வேண்டியது அதைத்தான். தூக்கிப் போட்ட தொட்டிகளில் பாதியில், வாடும் இலைகளுக்கு இடையே ஒரு குட்டி ஏற்கெனவே தலைகாட்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நாம் பூ என்று நினைத்து வாங்குவது பூவே இல்லை. அந்தச் சிவப்பெல்லாம் பூவடிச் செதில்கள், அதாவது நிறம் மாறிய இலைகள். அசல் பூ அவற்றின் இடுக்கிலிருந்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சின்னதாக எட்டிப் பார்த்துவிட்டு ஓரிரு நாளில் வாடிவிடும். இந்தக் குடும்பத்தில் பல இனங்களுக்கு மகரந்தச் சேர்க்கை செய்வது தேன்சிட்டு போலவே தேன் குடிக்கும் ஹம்மிங் பறவைகள். அவற்றைத் தூரத்திலிருந்தே இழுப்பதற்குத்தான் இத்தனை சிவப்பு. பறவையே நுழைய முடியாத ஒரு வரவேற்பறையில் மூன்று மாதம் அந்தச் சிவப்பு நிற்பது செடிக்கு வீண் வேலை, நமக்கு லாபம்.

என் கட்சி இதுதான்: புரோமீலியாட் வாங்குவதற்குப் பூ மிக பலவீனமான காரணம். இந்தக் குடும்பத்தின் அழகும் சாமர்த்தியமும் இலையில் இருக்கின்றன. வளர்க்கும் முறையும் இலையிலேயே எழுதியிருக்கிறது.

குடும்பம் பெரியது. 3,000-க்கும் மேற்பட்ட இனங்கள், ஏறக்குறைய எல்லாமே அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தொடங்கி அர்ஜென்டினா, சிலி வரை பரவியிருக்கின்றன. விதிவிலக்கு ஒன்றே ஒன்று: பிட்கெய்ர்னியா ஃபெலிசியானா என்ற இனம் மட்டும் மேற்கு ஆப்பிரிக்காவின் கினி நாட்டுப் பாறைகளில் வளர்கிறது. அன்னாசியும் இந்தக் குடும்பம்தான். 1493-இல் கொலம்பஸ் குவாதலூப் தீவில் அதைப் பார்த்தார். பிறகு அது உலகம் சுற்றிவிட்டது. ஆண்டிஸ் மலையின் உயரங்களில் வளரும் பூயா ரைமண்டி இந்தக் குடும்பத்தின் ராட்சதன். பல பத்தாண்டுகள் வெறும் முள் இலைகளாக நின்று, ஒருநாள் வீட்டு மாடியைத் தாண்டும் உயரத்துக்கு ஒரு பூந்தண்டை எழுப்பி, ஆயிரக்கணக்கில் பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். அதை வீட்டுக்குள் வைக்க முடியாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

வீட்டுக்குள் வருபவற்றில் பெரும்பாலானவை மரக்கிளைகளில் தொற்றி வாழ்பவை. தொற்றி வாழ்பவை என்றால் உறிஞ்சி வாழ்பவை என்று பொருள் இல்லை. மரத்திடமிருந்து அவை எதையும் எடுப்பதில்லை, உட்கார இடம் மட்டும்தான் கேட்கின்றன. வேர் பிடித்துக்கொள்ள மட்டுமே. மண் இல்லை, வேர் அதிகம் குடிப்பதும் இல்லை என்றால் தண்ணீர் எங்கிருந்து? அதற்கு இந்தக் குடும்பம் இரண்டு வழிகளைக் கண்டுபிடித்தது. ஒன்று, இலைகளின் அடிப்பகுதியை ஒன்றோடொன்று இறுக்கி, நடுவில் ஒரு குவளை போலாக்கி மழையைத் தேக்கிவைப்பது. இரண்டாவது, இலை முழுக்க நுண்ணிய செதில்களைப் போர்த்திக்கொண்டு காற்றில் வரும் ஈரத்தை நேராகக் குடிப்பது. கடையில் பார்க்கும் எந்தப் புரோமீலியாடும் கிட்டத்தட்ட இந்த இரண்டில் ஒன்றின் பக்கம் சாய்ந்திருக்கும்.

காட்டில் அந்தக் குவளைக்குள் ஒரு குடித்தனமே நடக்கிறது. விழுந்த இலைகள் மட்கும், புழுக்கள் வரும், அவற்றைத் தின்ன வேறு பூச்சிகள் வரும். மத்திய அமெரிக்காவின் நச்சுத் தவளைகளில் சில, தலைப்பிரட்டைகளை முதுகில் சுமந்து மரம் ஏறி, ஒவ்வொன்றையும் ஒரு குவளையில் விடுகின்றன. ஜமைக்காவில் மெட்டோபாலியஸ் டிப்ரெஸஸ் என்று ஒரு நண்டு இருக்கிறது. அது குஞ்சு வளர்ப்பதே புரோமீலியாட் தண்ணீரில்தான். தாய் நண்டு மட்கும் இலைகளைத் தூக்கி வெளியே போடும். காலி நத்தை ஓடுகளைக் கொண்டுவந்து தண்ணீருக்குள் போடும். ஓட்டிலிருந்து கரையும் சுண்ணாம்புச் சத்தால் தண்ணீரின் அமிலத்தன்மை குறையும், குஞ்சுகளுக்கு ஓடு வளரக் கால்சியமும் கிடைக்கும். இதை முதன்முதலில் படித்தபோது, என் சன்னலோரத் தொட்டியின் குவளை சும்மா காலியாகக் கிடப்பதைப் பார்த்துக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

சரி, இலையைப் பார்ப்போம். கடையில் பெயர்ச்சீட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இலை மெல்லியதாக, வழவழப்பாக, ஓரத்தில் முள் இல்லாமல், அடர்பச்சையாக இருந்தால் அது காட்டின் கீழ்த்தட்டில், நிழலில் வாழ்ந்த பரம்பரை. குறைந்த வெளிச்சம் தாங்கும், வறட்சி தாங்காது. இலை விறைப்பாக, தடிப்பாக, ஓரத்தில் ரம்பம் போன்ற முள்ளோடு இருந்தால் மேல்கிளைகளில் வெயில் வாங்கிய இனம். நல்ல வெளிச்சம் கேட்கும். இலை சாம்பல் நிறமாக, தொட்டால் மாவு தடவியது போல இருந்தால் அது செதில்களால் குடிக்கும் கூட்டம். வெளிச்சமும் காற்றோட்டமும் நிறைய வேண்டும். ஈரம் பட்டால் சீக்கிரம் உலரவும் வேண்டும். இந்த மூன்றை நினைவில் வைத்துக்கொண்டால் பராமரிப்புக் குறிப்புகளில் முக்கால்வாசியைப் படிக்கத் தேவையில்லை.

முதல் வகைக்கு உதாரணம் குஸ்மேனியாவும் வ்ரீசியாவும். குஸ்மேனியாவைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கலப்பினங்கள், நிறம்தான் வேறு. கிழக்குச் சன்னல் காலை வெயிலில், அல்லது சன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் போதும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர் போனால் தவிக்கும். ஏசி காற்று நேரே அடிக்கும் இடத்தில் இலை நுனி காயும். பூ இல்லாத குஸ்மேனியா, உண்மையைச் சொன்னால், பார்க்க ஒரு சாதாரணப் பச்சைச் செடிதான்.

வ்ரீசியா அப்படி இல்லை. அதில் ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற இனம் பூக்காவிட்டாலும் வைத்துக்கொள்ளத் தகுந்தது. பச்சை இலையில் குறுக்கே கருஞ்சிவப்புப் பட்டைகள் வரிக்குதிரை போல ஓடும். பூந்தண்டு வரும்போது அது தட்டையாக, வாள் போல, செக்கச் சிவப்பாக நிற்கும். 2016-இல் வகைப்பாட்டாளர்கள் இதை வ்ரீசியாவிலிருந்து எடுத்து லுதேரியா என்ற பேரினத்தில் போட்டுவிட்டார்கள். கடைச்சீட்டில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கும், அதையே கேட்டால் போதும்.

ஏக்மியா ஃபேசியேட்டா இரண்டாவது வகை. பிரேசில்காரி. அகலமான, விறைப்பான இலைகள். பச்சையின் மீது வெள்ளிப் பட்டைகள். அந்த வெள்ளி நிறமல்ல, செதில்களின் அடுக்கு. கட்டைவிரலால் இலையை அழுத்தித் தடவினால் வெள்ளி அழிந்து கீழே பச்சை தெரியும், பிறகு அந்த இடம் திரும்ப வெளுக்காது. கடையில் நிற்கும் ஏக்மியாக்களில் எத்தனை பேர் தடவிப் பார்த்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்லிவிடலாம். ஆகவே தூசி தட்டுகிறேன் என்று துணியால் துடைக்கக் கூடாது, மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும். ஓர முட்கள் கையைக் கிழிக்கும். முள்ளில்லாத ரகங்களும் வந்துவிட்டன. சிலருக்கு இதன் சாறு பட்டால் தோலில் அரிப்பு வரும், கன்று பிரிக்கும்போது கையுறை நல்லது.

ஏக்மியாவின் பூங்கொத்து இந்தக் குடும்பத்தில் பொறுமையான ஒன்று. இளஞ்சிவப்புப் பூவடிச் செதில்கள் கூர்கூராக விரிந்து மாதக்கணக்கில் நிற்கும். அவற்றுக்கு இடையே ஊதா நீலத்தில் சின்னப் பூக்கள் திறந்து, வாடும்போது சிவப்பாகும். ஒரே கொத்தில் நீலமும் சிவப்பும் அடுத்தடுத்து நிற்கும் ஓரிரு வாரங்கள்தான் அதன் உச்சம். பூவைக் குறைசொல்லி எழுதிக்கொண்டிருக்கும் நானே இந்த ஒன்றுக்கு மட்டும் விலக்குக் கொடுக்கிறேன்.

இனி நியோரெஜீலியா. யாராவது ஒரே ஒரு புரோமீலியாட் சொல் என்று கேட்டால் யோசிக்காமல் இதைத்தான் சொல்வேன். இதில் பூங்கொத்து மேலே எழும்பவே எழும்பாது. இலைகள் தட்டையாகச் சுற்றிவந்து, மேலிருந்து பார்த்தால் ஒரு வட்டம். நடுவில் தண்ணீர். பூக்கும் காலம் நெருங்கும்போது நடு இலைகள் மட்டும் அடியிலிருந்து சிவக்க ஆரம்பிக்கும். கரோலினே என்ற இனத்தில் அந்தச் சிவப்பு ரத்தம் போலவே இருக்கும். பூ எங்கே என்று தேடினால் குவளைத் தண்ணீரை எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் மட்டத்தோடு ஒட்டி, ஊசிமுனை மொட்டுகள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும். அவற்றில் சிலது மட்டும் ஊதாவாகவோ வெள்ளையாகவோ விரியும். அடுத்த நாள் வேறு சில. பூ தண்ணீரில் பாதி முங்கியபடியே இதெல்லாம் நடக்கும். அது வாடியபின்னும் இலைகளின் சிவப்பு பல மாதம் போகாது.

கடையில் அதிகம் கிடைப்பது கரோலினேயின் மூவர்ண ரகம்: பச்சை இலை, நீளவாக்கில் வெண்மஞ்சள் கோடுகள், நடுவில் சிவப்பு. புள்ளி போட்டவை, பட்டை போட்டவை, கிட்டத்தட்ட கறுப்பாக இருப்பவை, ஒயின் நிறத்தில் முழுக்க சிவந்தவை என்று கலப்பினங்களுக்கு முடிவே இல்லை. ஃபயர்பால் என்று ஒரு குட்டை ரகம் உண்டு. அது நீண்ட தண்டுகளின் நுனியில் கன்று விடும், எனவே தொங்கும் கூடையிலோ மரக்கட்டையில் கட்டியோ வளர்த்தால் அடுக்கடுக்காக இறங்கும்.

நியோரெஜீலியாவின் நிறம் வெளிச்சத்தின் கணக்கு. நல்ல வெளிச்சத்தில் இலைகள் குட்டையாக, அகலமாக, இறுக்கமாக, நிறத்தோடு இருக்கும். அதே செடியை அறையின் மூலைக்குக் கொண்டுபோனால் சில மாதங்களில் இலைகள் நீண்டு, ஒல்லியாகி, நிறம் வெளிறிப் பச்சைக்குத் திரும்பிவிடும். வேறு செடி வாங்கிவிட்டோமோ என்று தோன்றும் அளவுக்கு மாறும். உரம் அதிகம் போட்டாலும் இதே கதைதான். நைட்ரஜன் கூடினால் பச்சை ஏறும். ஆகவே இதைக் கொஞ்சம் பட்டினி போடுவதே நல்லது. இன்னொரு விஷயம், இது மேலிருந்து பார்க்க வேண்டிய செடி. உயரமான அலமாரியில் வைத்தால் தொட்டியும் இலையின் அடிப்புறமும்தான் தெரியும். முழங்கால் உயர ஸ்டூலில், சன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

பில்பெர்ஜியா நூட்டன்ஸ் எளிமையானது. புல் போன்ற ஒடுங்கிய இலைகள், தலைகுனிந்த பூந்தண்டு, அதில் இளஞ்சிவப்புப் பூவடிச் செதில்களும் நீல விளிம்பிட்ட பச்சைப் பூக்களும். பூ ஓரிரு வாரத்துக்கு மேல் நிற்காது. ஆனால் கன்று விடுவதில் இதற்கு இணை இல்லை. குளிரையும் மறதியையும் மற்றவற்றைவிட நன்றாகவே தாங்கும். வைத்திருப்பவரிடம் கேட்டால் மறுக்காமல் ஒரு பிடி பிரித்துக் கொடுப்பார், அவருக்கே இடம் வேண்டியிருக்கும்.

கிரிப்டாந்தஸ் இந்தக் கூட்டத்தில் தனி. பிரேசிலின் காட்டுத் தரையில் வளர்வது, மரம் ஏறாதது. குவளை இல்லை, வேர்தான் குடிக்கிறது. ஆகவே மற்ற புரோமீலியாட்களுக்குச் சொல்லும் அறிவுரையை இதற்குச் சொன்னால் செத்துப்போகும். மண்கலவை எப்போதும் லேசாக ஈரமாக இருக்க வேண்டும். நட்சத்திரம் போலத் தட்டையாக விரியும் இலைகள், ஓரம் அலையலையாக, இளஞ்சிவப்பு வரிகளோ சாம்பல் பட்டைகளோ போட்டு இருக்கும். மூடிய கண்ணாடி ஜாடித் தோட்டத்துக்கு இந்தக் குடும்பத்தில் ஒரு செடியைச் சேர்க்க வேண்டுமென்றால் இதைச் சேர்க்கலாம்.

ஜாடியில் சேர்க்கவே கூடாதது டிலான்சியா. கடைகளில் அதைத்தான் கண்ணாடிக் குமிழுக்குள் போட்டு விற்கிறார்கள், பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். காற்றுச் செடி என்று பெயர் வைத்துவிட்டதால், காற்று மட்டும் போதும் என்று வாங்குபவர் நினைக்கிறார். விற்பவரும் தண்ணீரே வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார். மண் வேண்டாம் என்பது உண்மை. தண்ணீர் கண்டிப்பாக வேண்டும்.

ஒரு டிலான்சியாவைக் கையில் எடுத்து, சாம்பல் பூத்த இலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சொட்டு உருண்டு விழாது, பரவும். பரவிய இடம் உங்கள் கண்முன்னே சில நொடியில் சாம்பலிலிருந்து பச்சையாக மாறும். இலை மேல் போர்த்தியிருக்கும் செதில்கள் ஒவ்வொன்றும் காய்ந்த, இறந்த செல்களால் ஆன சிறு குடை. காய்ந்திருக்கும்போது உள்ளே காற்று நிறைந்து ஒளியைத் திருப்பி அனுப்புவதால் சாம்பலாகத் தெரியும். நனைந்தால் குடை விரிந்து, நீர் உள்ளே போய், நடுவிலுள்ள உயிருள்ள செல்கள் வழியாக இலைக்குள் இறங்கும். குடை ஒளி ஊடுருவுவதாக மாறிவிடுவதால் அடியிலுள்ள பச்சை தெரிகிறது. திரும்பக் காய்ந்தால் குடை மடிந்து வாசலை அடைத்துவிடும். உள்ளே விடும், வெளியே விடாது. ஒரு வால்வு.

இதிலிருந்தே நீர் ஊற்றும் முறை தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை, காற்று மிகவும் வறண்டிருந்தால் இரண்டு முறை, 20 நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை தண்ணீரில் முழுக்கி எடுத்து, தலைகீழாக உதறி, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். நாலு மணி நேரத்துக்குள் உலர்ந்துவிட வேண்டும். இதைக் காலையில் செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. வறண்ட இடத்து டிலான்சியாக்கள், ஏக்மியா, நியோரெஜீலியா, அன்னாசி எல்லாம் இரவில்தான் இலைத்துளைகளைத் திறந்து கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொள்கின்றன. பகலில் திறந்தால் உள்ள நீரும் ஆவியாகிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. இரவு முழுக்க இலை ஈரமாகக் கிடந்தால் அந்த வாசல் நீர்ப்படலத்தால் மூடிக்கொள்ளும். மூடிய கண்ணாடிக் குமிழில் டிலான்சியா அழுகுவதற்கும் இதே போன்ற காரணம்தான்: அங்கே எதுவும் உலர்வதில்லை.

டிலான்சியாவில் தொடங்க அயனாந்தா நல்லது. ஒரு கைப்பிடி அளவு, பூக்கும்போது மேல் இலைகள் சிவந்து ஊதாப் பூ நீட்டும். செரோகிராஃபிகா இந்தக் கூட்டத்தின் ராணி. மெக்சிகோவிலும் குவாதமாலா, ஹோண்டுராஸ், எல் சால்வடார் பகுதிகளிலும் வறண்ட காடுகளின் உச்சிக் கிளைகளில் வளர்வது. வெள்ளி நாடாக்கள் சுருண்டு சுருண்டு கால்பந்து அளவுக்குக் கூட வளரும். காட்டிலிருந்து ஏகத்துக்கும் பறித்துவிட்டதால் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நர்சரியில் வளர்த்தது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வாங்குங்கள். இதன் நடுவில் தண்ணீர் தங்கினால் உள்ளிருந்து அழுகும். வெளியே தெரியும்போது கதை முடிந்திருக்கும். பல்போசா என்ற இனம் அடியில் வெங்காயம் போல உப்பி, உள்ளே குடைவாக இருக்கும். காட்டில் அதற்குள் எறும்புகள் குடியிருக்கும். வீட்டில் அந்தக் குடைவுக்குள் தண்ணீர் தேங்கிவிடுமாதலால் முழுக்குவதைவிடத் தெளிப்பது நல்லது.

தாடி போலத் தொங்கும் உஸ்னியாய்டிஸை ஸ்பானிஷ் பாசி என்று விற்பார்கள். அது பாசியே இல்லை, பூக்கும் செடி. வேரே கிடையாது, கொக்கி மாட்டித் தொங்கவிட்டால் வளரும். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைப் பறித்துப் பதப்படுத்தி, மெத்தைக்கும் கார் இருக்கைக்கும் திணிக்க ஆலைகளே ஓடின. வீட்டுக்குள் இது சுலபம் இல்லை. கொத்தின் நடுப்பகுதி வெளிச்சமும் காற்றும் கிடைக்காமல் செத்துவிடும். மெல்லிய இழைகளாகப் பிரித்துத் தொங்கவிடுங்கள், தினமும் நனைக்க மனமிருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சாயம் பூசிய டிலான்சியாவும் விற்கிறார்கள். நீலம், ரோஸ், மினுமினுப்புத் தூள் தூவியது வரை பார்த்திருக்கிறேன். அந்தச் செதில்கள் மேல் சாயம் பூசினால் அது எப்படிக் குடிக்கும்? வாங்காதீர்கள்.

குவளை வகைகளின் தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். குவளையில் கொஞ்சம் நீர் இருக்கட்டும், விளிம்பு வரை வேண்டாம். தொட்டிக் கலவை வறண்டுவிடாமல் லேசாக நனைந்தால் போதும். மண் என்று எதுவும் வேண்டாம். மரப்பட்டைத் துண்டு, தென்னை மட்டைத் துண்டு, பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல் துணுக்கு, கொஞ்சம் கரித்துண்டு. தொட்டி சின்னதாகவே இருக்கட்டும், ஐந்தாறு அங்குலம் பல செடிகளுக்கு ஆயுளுக்கும் போதும். பெரிய தொட்டியில் மீதிக் கலவை ஈரம் பிடித்துக் கிடந்து அடித்தண்டை அழுகவைக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஆவியானபின் குவளையில் வெள்ளை வளையம் படியும், இலை நுனி கருகும். மழைநீர் கிடைத்தால் அதைவிட மேல் எதுவுமில்லை. உரம் போடுவதானால் சீட்டில் போட்டிருக்கும் அளவில் கால்பங்கு கலந்து தொட்டிக் கலவையில் ஊற்றலாம், குவளையில் ஊற்றினால் பாசி பிடிக்கும்.

செம்பு மட்டும் அருகில் வரக் கூடாது. செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி, செம்புக் கம்பி, செம்புக் கலவை ஊட்டிய மரப்பலகை எதுவும் புரோமீலியாடுக்கு விஷம். இதற்கு ஒரு விசித்திரமான சரித்திரம் உண்டு. டிரினிடாட் தீவில் கொக்கோ தோட்டங்களுக்கு நிழல் தரும் மரங்களில் புரோமீலியாட்கள் கூட்டம் கூட்டமாக வளர்ந்தன. அவற்றின் குவளை நீரில் அனாஃபிலிஸ் பெல்லாட்டர் என்ற கொசு முட்டையிட்டு மலேரியாவைப் பரப்பியது. குளம் குட்டைகளில் மருந்து தெளித்து என்ன பயன், கொசு மரத்தின் மேலல்லவா வளர்கிறது. 1940-களில் காலின் பிட்டெண்ட்ரிக் என்ற உயிரியலாளர் அங்கே இதைத் தீர ஆராய்ந்தார். கடைசியில் கையாண்ட வழிகளில் ஒன்று, மரங்களின் மீது செம்பு சல்பேட் கரைசலைத் தெளிப்பது. புரோமீலியாட்கள் செத்தன, மரம் பிழைத்துக்கொண்டது.

வீட்டுக் குவளையிலும் கொசு முட்டையிடும். அதற்காகச் செடியே வேண்டாம் என்று முடிவுகட்டத் தேவையில்லை. முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். வாரம் ஒருமுறை செடியைக் கவிழ்த்துப் பழைய நீரைக் கொட்டிவிட்டு, குவளை நிரம்பி வழிய நல்ல நீர் ஊற்றி, அதையும் பாதி கவிழ்த்துவிட்டால் முடிந்தது. செடிக்கும் அதுவே நல்லது, அழுகிய இலைத்துணுக்கும் உப்பும் போய்விடும். மற்றபடி பூச்சித் தொல்லை குறைவு. இலை இடுக்கில் மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ வந்தால் ஈரப் பஞ்சால் துடைத்தெடுங்கள். எண்ணெய் மருந்துகளை, அதுவும் டிலான்சியாவுக்கு, தவிர்த்துவிடுங்கள். செதில்கள் அடைத்துக்கொள்ளும்.

பூ முடிந்தபின் வேலை எளிது. காய்ந்த பூந்தண்டை அடியோடு வெட்டிவிட்டு, தாய்ச்செடியை எப்போதும் போலக் கவனியுங்கள். அது இன்னும் பல மாதம் பச்சையாக இருந்து கன்றுகளுக்கு ஊட்டும். கன்று தாயின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது வந்தபின் கூரான கத்தியால் அடியோடு பிரிக்கலாம். பாதி அளவு வரும்வரை பொறுத்தால் இன்னும் நல்லது. சீக்கிரம் பிரித்த கன்றுக்கு வேர் பிடிக்க நாளாகும். பிரிக்காமலே விட்டாலும் தப்பில்லை. தாய் காய்ந்ததும் அதன் இலைகளை மட்டும் உருவிவிட்டால் கன்றுகள் கூட்டமாகத் தொட்டியை நிரப்பும். நியோரெஜீலியாவையும் பில்பெர்ஜியாவையும் நான் அப்படித்தான் விட்டுவிடுகிறேன். நடும்போது ஆழமாகப் புதைக்க வேண்டாம். இலை தொடங்கும் இடம் கலவைக்கு மேலே இருக்க வேண்டும். சாய்ந்தால் குச்சி கொடுங்கள்.

கன்று பூக்க இனத்தைப் பொறுத்து ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகும், வீட்டு வெளிச்சத்தில் அதற்கு மேலும் இழுக்கும். அவசரப்படுபவர்களுக்கு ஆப்பிள் வைத்தியம் உண்டு. கேட்டால் பாட்டி வைத்தியம் போலத் தோன்றும், ஆனால் அறிவியல்தான். அட்லாண்டிக் பெருங்கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்ணாடிக் கூடங்களில் அன்னாசி வளர்த்தவர்கள், உள்ளே புகை மூட்டினால் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூப்பதைக் கவனித்தார்கள். புகையில் இருந்த எத்திலீன் வாயுதான் காரணம் என்று 1930-களில் தெரிந்தது. பழுத்த ஆப்பிள் அதே வாயுவை விடுகிறது. குவளை நீரைக் கொட்டிவிட்டு, செடியை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் பழுத்த ஆப்பிளோடு வைத்து வாயைக் கட்டி, நேர்வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் விட்டு எடுத்தால், சில வாரங்களிலோ ஓரிரு மாதங்களிலோ பூந்தண்டு கிளம்பும். கடையில் ஒரே நாளில் ஒரே உயரத்தில் பூத்து வரிசையாக நிற்கும் குஸ்மேனியாக்களின் ரகசியமும் இதே போன்ற வாயுதான்.

முழு வளர்ச்சி அடையாத கன்றுக்கு இதைச் செய்தால் நோஞ்சான் பூ ஒன்று வரும், அதோடு அந்தக் கன்றின் ஆட்டமும் முடியும். குஸ்மேனியா, வ்ரீசியா, ஏக்மியா மூன்றுக்கும் செடி நன்றாகத் திரண்டபின் செய்து பார்க்கலாம். பில்பெர்ஜியா தானாகவே பூக்கும். நியோரெஜீலியாவுக்கு நான் ஆப்பிள் வைப்பதே இல்லை. அது பூக்காமல் இன்னொரு வருடம் இருந்தால் எனக்கு இன்னொரு வருடம் இலை.